வென்டா, ஹாவ் கோனா? ஆங்கிலத்தில் பாஸ்ட், பேர்பெக்ட் தெரிவுசெய்யும் முறை, படிப்படியாக

ஆங்கிலத்தில் நடந்து முடிந்த ஒன்றைச் சொல்ல இரண்டு வழி உண்டு. "ஐ ஏட்" என்றும் சொல்லலாம், "ஐ ஹாவ் ஈட்டன்" என்றும் சொல்லலாம். முதலாவது சிம்பிள் பாஸ்ட், இரண்டாவது பிரசன்ட் பேர்பெக்ட். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து மாலை வகுப்புகளில் ஓ.எல். (சாதாரண தர) பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளோடும், விண்ணப்பம் எழுத வரும் பெரியவர்களோடும் இருந்து பார்த்ததில் ஒன்று தெரிகிறது. விதி தெரியாமல் பிழை விடுகிறவர்கள் குறைவு. கேட்டால் விதியை ஒப்புவிப்பார்கள். எழுதும்போது எதை முதலில் யோசிப்பது என்பதில்தான் குழம்புகிறார்கள். வினைச்சொல்லில் தொடங்குகிறார்கள், தொடங்க வேண்டியது நேரத்தில்.

அதனால் கீழே உள்ள படிகளின் ஒழுங்கை மாற்ற வேண்டாம். ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். வாசிக்கும்போதே அவற்றைக் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுத்துக்கூட்டலும் அதோடு பழகிவிடும்.

1. தொடங்குமுன்: மூன்று நிரல் எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று நிரல் போட்டு வினைகளை எழுதுங்கள்: கோ, வென்ட், கோன். சீ, சோ, சீன். ஈட், ஏட், ஈட்டன். ரைட், ரோட், ரிட்டன். டேக், டுக், டேக்கன். கிவ், கேவ், கிவ்வன். முப்பது வினை போதும், முந்நூறு வேண்டாம்.

இந்தத் தாளுக்கு இரண்டே சட்டம். ஹாவ், ஹாஸ், ஹாட் மூன்றுக்கும் பின்னால் மூன்றாம் நிரல்தான் வரும். டிட் என்பதற்குப் பின்னால் முதலாம் நிரல்தான் வரும். "ஐ ஹாவ் வென்ட்" பிழை, "ஐ டிட் நொட் வென்ட்" பிழை. இரண்டாம் நிரல் தனியாக நிற்கும். யாருடைய துணையும் அதற்கு வேண்டாம்.

பயிற்சி செய்யும்போது இரண்டாம் நிரலும் மூன்றாம் நிரலும் வேறுபடும் வினைகளையே எடுங்கள். பை, போட், போட் போன்றவற்றிலும், கட், கட், கட் போன்றவற்றிலும் பிழை ஒளிந்துகொள்ளும். "ஐ ஹாவ் போட்" என்று ஒரு பிள்ளை எழுதினால், மூன்றாம் நிரல் தெரிந்து எழுதியதா, அதிர்ஷ்டமா என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது. இன்னொன்று: கம் என்பது கம், கேம், கம். மூன்றாவது மறுபடி கம் ஆகிவிடுகிறது. "ஹாவ் கேம்" என்ற பிழை இதனால்தான் இவ்வளவு அதிகம்.

2. வினையைத் தொடாமல் நேரத்தைத் தேடுங்கள்

வசனத்தை எழுதுமுன் "எப்போது?" என்று கேளுங்கள். விடை வசனத்திலேயே இருந்தால் பென்சிலால் அதன் கீழே கோடு போடுங்கள். பிறகு அந்த நேரம் சாத்திய படலையா, திறந்த படலையா என்று பாருங்கள். நேற்று, போன வருசம், 2012 இல் என்பவை சாத்தியவை. பேசிக்கொண்டிருக்கும் இந்த நிமிடம் அவற்றுக்குள் இல்லை. இன்று, இந்தக் கிழமை, இதுவரை என்பவை திறந்தவை. இந்த நிமிடமும் அவற்றுக்குள்தான் இருக்கிறது.

இதை ஏன் முதல் வேலையாகச் சொல்கிறேன் என்றால், நேரச் சொல் இருக்கும் வசனங்களில் தெரிவு அங்கேயே முடிந்துவிடும். மீதி யோசனைகள் தேவைப்படாது.

ஒரு எச்சரிக்கை. நேரம் முந்தின வசனத்தில் இருந்தாலும் அதன் அதிகாரம் அடுத்த வசனத்துக்கும் வரும்.

"வீ வென்ட் டு வற்றாப்பளை லாஸ்ட் இயர். வீ சோ மை அங்கிள் தெயர்."

இரண்டாவது வசனத்தில் நேரச் சொல் இல்லையே என்று "வீ ஹாவ் சீன் மை அங்கிள் தெயர்" என்று எழுதுகிறார்கள். மாமாவைக் கண்டது போன வருசம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில்தான். கட்டுரை எழுதும்போது இந்தப் பிழை பந்தி முழுக்கப் பரவும். முதல் வசனத்தில் நேரத்தைச் சாத்திவிட்டால், நீங்களாகத் திறக்கும்வரை அது சாத்தியே கிடக்கும்.

3. சாத்திய நேரம் என்றால் சிம்பிள் பாஸ்ட்

இதில் விதிவிலக்கு தேட வேண்டாம். யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேய்ஸ் அகோ, இன் 2009, அட் ஃபைவ் ஓ குளொக், வென் ஐ வோஸ் ஸ்மோல் என்று எது வந்தாலும் இரண்டாம் நிரல்.

"வென்" என்று தொடங்கும் கேள்வியும் இதில்தான் சேரும். "எப்ப வந்தனீங்கள்?" என்பதற்கு "வென் டிட் யூ கம்?" "வென் ஹாவ் யூ கம்?" என்று கேட்கக் கூடாது. எப்போது என்று கேட்பதே ஒரு குறிப்பிட்ட நேரத்தைத் தேடுவதுதானே.

இறந்துபோனவர்களின் வாழ்க்கையும் சாத்திய நேரம்தான். "மை கிராண்ட்ஃபாதர் ஹாஸ் வேர்க்ட் இன் த ரெயில்வே" என்று எழுதினால், தாத்தா உயிரோடு இருக்கிறார் என்றே வாசிப்பவர் எடுப்பார். காலமானவர் என்றால் "வேர்க்ட்" மட்டும்.

"லாஸ்ட்" என்ற சொல்லைக் கண்டவுடன் பாஸ்ட் என்று பாய்கிறவர்களுக்கு ஒரு பொறி உண்டு. "லாஸ்ட் இயர்" என்றால் போன வருசம், சாத்தியது. "இன் த லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்" என்றால் கடந்த ஐந்து வருசத்தில், அதாவது இன்றுவரை, திறந்தது. நடுவில் நிற்கும் "த" என்ற சின்னச் சொல்லைப் பாருங்கள்.

4. திறந்த நேரம் என்றால் பேர்பெக்ட்

டுடே, திஸ் வீக், திஸ் இயர், ஸோ ஃபார், அப் டு நவ், யெட், எவர், நெவர். இவை வந்தால் பெரும்பாலும் ஹாவ் அல்லது ஹாஸ்.

"இட் ஹாஸ் நொட் ரெயின்ட் திஸ் மந்த்." இந்த மாதம் இன்னும் முடியவில்லை, மழை வரவும் இடம் இருக்கிறது. "இட் டிட் நொட் ரெயின் லாஸ்ட் மந்த்." அந்த மாதம் போய்விட்டது, விதைத்தவர்களுக்கு நட்டம் நட்டம்தான்.

"திஸ் மோர்னிங்" மட்டும் கடிகாரத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது. காலை பத்து மணிக்குச் சொன்னால் "ஐ ஹாவ் ட்ரங்க் டூ கப்ஸ் ஒஃப் டீ திஸ் மோர்னிங்." அதையே பின்னேரம் சொன்னால் "ஐ ட்ராங்க்." காலை முடிந்துவிட்டது.

ஜஸ்ட், ஓல்ரெடி, யெட் மூன்றிலும் அமெரிக்கப் படங்களைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் "டிட் யூ ஈட் யெட்?" என்பார்கள். அங்கே அது சரி. எங்கள் பாடப்புத்தகங்கள் பிரித்தானிய வழக்கத்தைப் பின்பற்றுகின்றன, பரீட்சையில் "ஹாவ் யூ ஈட்டன் யெட்?" என்றே எழுதுங்கள்.

5. நேரச் சொல்லே இல்லாவிட்டால்

இப்போதுதான் உண்மையான யோசனை வேண்டும். கேள்வி இது: நடந்ததைச் சொல்ல வருகிறீர்களா, அதனால் இப்போது இருக்கும் நிலையைச் சொல்ல வருகிறீர்களா?

அடையாள அட்டை தொலைந்துபோய் கிராம அலுவலரிடம் போய் நிற்கிறீர்கள். "ஐ ஹாவ் லொஸ்ட் மை ஐடென்டிட்டி கார்ட்." அட்டை இப்போது கையில் இல்லை, அதற்காகத்தான் வந்திருக்கிறீர்கள். "ஐ லொஸ்ட் மை ஐடென்டிட்டி கார்ட்" என்று மட்டும் சொன்னால், எப்போதோ ஒருமுறை தொலைத்த கதை போலவும் கேட்கும். பிறகு கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் இருந்திருக்கலாம்.

அவர் அடுத்துக் கேட்பது "வெயர் டிட் யூ லூஸ் இட்?" இங்கே காலம் மாறியதைக் கவனியுங்கள். உங்கள் விடையும் "ஐ லொஸ்ட் இட் ஒன் த பஸ்" என்று பாஸ்டில்தான் வர வேண்டும். செய்தி பேர்பெக்டில் வாசலைத் திறக்கும். எங்கே, எப்படி, எத்தனை மணிக்கு என்ற விபரங்கள் எல்லாம் பாஸ்டில் நடக்கும்.

மாரியில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகளைத் திறந்தால் கீழ்ப் பகுதி ஊர்களுக்கு முதலில் போக வேண்டிய செய்தி எது?

"தே ஹாவ் ஓப்பன்ட் த கேட்ஸ்."

தண்ணீர் வருகிறது, மாடுகளை அவிழ்த்து மேட்டுக்குக் கொண்டுபோங்கள் என்பது இதற்குள் அடங்கிவிட்டது. பிறகு விபரம்:

"தே ஓப்பன்ட் தெம் அட் ஃபைவ் திஸ் மோர்னிங்."

ஐந்து மணி என்று புள்ளி வைத்துவிட்டதால், இன்று காலையே என்றாலும் பாஸ்ட். இந்தச் சோடியை மனதில் வைத்துக்கொண்டால் ஆங்கிலப் பத்திரிகைச் செய்தி பலவற்றின் அமைப்பும் விளங்கும்.

வாழ்நாள் அனுபவமும் இந்தப் படியில்தான் வரும். "ஹாவ் யூ எவர் பீன் டு மடு?" என்பது பிறந்ததிலிருந்து இன்றுவரை என்ற திறந்த நேரத்தைக் கேட்கிறது. "யெஸ், ஐ ஹாவ். ஐ வென்ட் தெயர் இன் ஓகஸ்ட்." மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்குப் போனது என்று சொன்னவுடன் பாஸ்டுக்கு இறங்கிவிட்டோம்.

6. ஃபோர், சின்ஸ்: இங்கே அவசரப்பட வேண்டாம்

தமிழில் "நாங்கள் 2010 இலிருந்து இங்கே இருக்கிறோம்" என்கிறோம். "இருக்கிறோம்" நிகழ்காலம். அதனால் பிள்ளைகள் "வீ ஆர் லிவிங் ஹியர் சின்ஸ் 2010" என்று எழுதுகிறார்கள். பெரியவர்கள் விண்ணப்பத்திலும் அப்படியே எழுதுகிறார்கள். ஆங்கிலம் அந்த நேரத்தை நிகழ்காலமாகப் பார்ப்பதில்லை. முன்பு தொடங்கி இன்றுவரை வந்த நீளமாகப் பார்க்கிறது.

"வீ ஹாவ் லிவ்ட் ஹியர் சின்ஸ் 2010." அல்லது "வீ ஹாவ் பீன் லிவிங் ஹியர் சின்ஸ் 2010." இரண்டும் சரி.

சின்ஸ் தொடங்கிய புள்ளியைச் சொல்லும்: சின்ஸ் 2010, சின்ஸ் மண்டே. ஃபோர் நீளத்தைச் சொல்லும்: ஃபோர் டென் இயர்ஸ், ஃபோர் த்ரீ டேய்ஸ். "சின்ஸ் டென் இயர்ஸ்" கிடையாது.

சின்ஸ் வந்து இன்றைய நிலையைச் சொல்கிறீர்கள் என்றால் அநேகமாகப் பேர்பெக்ட்தான். ஃபோர் அப்படி உறுதி தராது. அது இரண்டு பக்கமும் போகும்.

"வீ லிவ்ட் இன் மெனிக் ஃபார்ம் ஃபோர் எ இயர்." ஒரு வருசம் இருந்தோம், இப்போது இல்லை. போரில் இடம்பெயர்ந்தவர்கள் இருந்த அந்த முகாமே 2012 இல் மூடப்பட்டுவிட்டது. "வீ ஹாவ் லிவ்ட் இன் மாங்குளம் ஃபோர் டென் இயர்ஸ்." பத்து வருசமாக இருக்கிறோம், இன்னும் அங்கேதான். வேறுபாடு ஃபோர் என்பதில் இல்லை, அந்த நீளம் இன்றைத் தொடுகிறதா என்பதில் இருக்கிறது. ஃபோரைக் கண்டவுடன் ஹாவ் போடு என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் உண்டு. அந்தக் குறுக்குவழியை விட்டுவிடுங்கள்.

ஒரே வருசத்தை வைத்து இரண்டு வசனம் எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த நல்ல பயிற்சி. கிளிநொச்சி 1984 இல் தனி மாவட்டமானது. வவுனியாவில் இருந்த வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமானது.

"கிளிநொச்சி பிகேம் எ டிஸ்ட்ரிக்ட் இன் 1984."
"கிளிநொச்சி ஹாஸ் பீன் எ டிஸ்ட்ரிக்ட் சின்ஸ் 1984."

வவுனியா வசனங்களை நீங்களே எழுதிப் பாருங்கள். வருசம் மாறவில்லை. "இன்" வந்தால் அந்த வருசத்துக்குள்ளேயே நிற்கிறோம்; "சின்ஸ்" வந்தால் அங்கிருந்து இன்றுவரை நடந்து வருகிறோம்.

சின்ஸ் என்பதற்குப் பின்னால் ஒரு சிறு வசனம் வந்தால் அதற்குள் பாஸ்ட்: "ஐ ஹாவ் நொட் சீன் ஹேர் சின்ஸ் வீ கேம் பாக்." திரும்பி வந்தது ஒரு புள்ளி, காணாதது அதிலிருந்து நீளும் காலம்.

இந்தப் பகுதியை விரித்துச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. காணாமல் போனவர்கள் பற்றி ஆங்கிலத்தில் கடிதமும் விண்ணப்பமும் எழுதித் தரச்சொல்லி வீட்டுக்கு வீடு பிள்ளைகளைத்தான் கேட்கிறார்கள். "மை சன் வென்ட் மிஸ்ஸிங் இன் மே 2009" என்பது நடந்த சம்பவம். "மை சன் ஹாஸ் பீன் மிஸ்ஸிங் சின்ஸ் மே 2009" என்பது இன்றைக்கும் தொடரும் நிலை. கடிதத்தின் முதல் வசனம் இரண்டாவதாகத்தான் இருக்க வேண்டும். எங்கே, எப்போது, யாரோடு என்ற விபரங்கள் பிறகு பாஸ்டில் வரட்டும். "மை சன் வோஸ் மிஸ்ஸிங்" என்று எழுதவே கூடாது. ஒருகாலத்தில் காணாமல் இருந்தார், இப்போது இல்லை என்று பொருள்படும். அந்தத் தாய் சொல்லவந்ததற்கு நேரெதிர்.

7. தமிழ் வினையின் வால் காட்டும் பிழையான வழி

பலர் மனதில் ஒரு சோடிப் பட்டியல் இருக்கிறது. "வந்தேன்" என்றால் கேம், "வந்திருக்கிறேன்" என்றால் ஹாவ் கம், "வந்திருந்தேன்" என்றால் ஹாட் கம். பாதி இடங்களில் இது சரியாக வரும். சரியாக வருவதால்தான் நம்புகிறார்கள், நம்புவதால்தான் மாட்டுகிறார்கள்.

"நேற்றே வந்துவிட்டேன்." "விட்டேன்" என்று முடிந்ததால் "ஐ ஹாவ் கம் யெஸ்டர்டே" என்று எழுதினால் பிழை. நேற்று என்று படலை சாத்தியாயிற்று. "ஐ கேம் யெஸ்டர்டே."

விடிய எழும்பி முற்றம் நனைந்து கிடப்பதைக் கண்டு "இரவு மழை பெய்திருக்கிறது" என்கிறோம். இங்கே "இருக்கிறது" ஊகத்தைக் காட்டுகிறது; பெய்ததை நாங்கள் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் "இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்." ஊகத்தையும் காட்டவேண்டும் என்றால் "இட் மஸ்ட் ஹாவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்." "இட் ஹாஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்" வராது.

எங்கள் பேச்சில் வரும் "போனனான்", "வந்தனீங்கள்" போன்றவை இன்னும் குழப்பும். "நேற்று மடுவுக்குப் போனனான்" என்றால் "ஐ வென்ட்." "நீங்கள் மடுவுக்குப் போனனீங்களோ?" என்று பொதுவாகக் கேட்டால் "ஹாவ் யூ பீன் டு மடு?" வாலில் எந்த மாற்றமும் இல்லை. இரண்டையும் பிரிப்பது நேரம்தான்.

ஆகவே தமிழ் வசனத்தை மனதில் வைத்திருங்கள், ஆனால் அதன் வாலைக் கையால் மறைத்துவிட்டு இரண்டாம் படிக்குப் போங்கள். மொழிபெயர்ப்புப் பயிற்சியில் தமிழ் வினையின் கடைசிப் பகுதியை உண்மையிலேயே பென்சிலால் வெட்டிவிடச் சொல்வேன். சிரிப்பார்கள்; ஆனால் பிழை குறைகிறது.

8. ஹாட்: கையிருப்பில் வையுங்கள்

"நேற்று கிளிநொச்சிக்குப் போயிருந்தேன்." இதை "ஐ ஹாட் கோன் டு கிளிநொச்சி யெஸ்டர்டே" என்று எழுதாதவர்களைக் காண்பது அரிது. தனியாக நிற்கும் இந்த வசனத்துக்கு "ஐ வென்ட் டு கிளிநொச்சி யெஸ்டர்டே" என்பதே சரி. பழைய கதை என்பதற்காக ஹாட் வருவதில்லை. ஐம்பது வருசத்துக்கு முந்திய கதைக்கும் சிம்பிள் பாஸ்ட் போதும்.

ஹாட் வருவதற்கு இரண்டு சம்பவம் வேண்டும். அதில் ஒன்று மற்றதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், அதைப் பின்னால் திரும்பிச் சொல்ல வேண்டும்.

"வென் வீ கேம் ஹோம், த கவ்ஸ் ஹாட் ஈட்டன் த பாடி." வரும்போதே நெல் போய்விட்டது, மாடுகள் தின்று முடித்துவிட்டன.
"வென் வீ கேம் ஹோம், த கவ்ஸ் ஏட் த பாடி." நாங்கள் வந்த பிறகு, எங்கள் கண்முன்னே தின்றன.

இரண்டாவது வசனத்தை எழுதியவர் பக்கத்துக் காணிக்காரரோடு நியாயம் கதைக்கப் போனால், பார்த்துக்கொண்டா நின்றீர்கள் என்று அவர் கேட்பார்.

நடந்த ஒழுங்கிலேயே கதை சொல்லும்போது ஹாட் தேவையில்லை. எழும்பினேன், முகம் கழுவினேன், வயலுக்குப் போனேன்: எல்லாம் பாஸ்ட். கதையை நிறுத்தி முன்பு நடந்ததைத் தொட்டுவிட்டு வரும்போது மட்டும் ஹாட் போடுங்கள். பிஃபோர், ஆஃப்டர் ஒழுங்கைக் காட்டிவிட்டால் ஹாட் இல்லாமலும் வசனம் நிற்கும்.

நீளத்தோடும் ஹாட் வரும். வடக்குப் பாதையில் 1990 இல் நின்ற ரயில் 2013 இல் மறுபடி கிளிநொச்சிக்கு வந்தது. "வென் த ட்ரெயின் கேம் பாக் டு கிளிநொச்சி இன் 2013, த லைன் ஹாட் பீன் குளோஸ்ட் ஃபோர் மோர் தான் ட்வென்டி இயர்ஸ்." இந்த நீளம் இன்றைத் தொடவில்லை, 2013 ஐத் தொட்டு நிற்கிறது. அதனால் ஹாஸ் என்று எழுத இடமில்லை.

9. பீன், கோன்

"ஹி ஹாஸ் கோன் டு வவுனியா." போனவர் இன்னும் வரவில்லை. "ஹி ஹாஸ் பீன் டு வவுனியா." போய்த் திரும்பிவிட்டார், அல்லது முன்பு எப்போதோ போனவர். உங்களைப் பற்றிச் சொல்லும்போது "ஐ ஹாவ் கோன்" அநேகமாக வராது. நீங்கள்தான் இங்கே நிற்கிறீர்களே.

10. விண்ணப்பத்திலும் நேர்முகத் தேர்விலும்

ஹாவ் போட்டால் எழுத்துக்கு ஒரு மதிப்பு வரும் என்று எங்கிருந்தோ ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அதனால் விண்ணப்பம் முழுக்க ஹாவ் மழை. "ஐ ஹாவ் பாஸ்ட் ஓ.எல். இன் 2014. ஐ ஹாவ் வேர்க்ட் அஸ் எ டீமைனர் ஃப்ரொம் 2015 டு 2018." இரண்டு வசனமும் பிழை (டீமைனர் என்றால் கண்ணிவெடி அகற்றுபவர்). வருசம் போட்டாயிற்று, வேலையும் முடிந்தாயிற்று.

எழுதும் ஒழுங்கு இப்படி இருக்கட்டும். முதலில் வேலைகளையும் படிப்பையும் தமிழில் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "முடிந்தது" அல்லது "தொடர்கிறது" என்று குறியுங்கள். அதன்பிறகு ஆங்கிலம். முடிந்தவை: "ஐ வேர்க்ட் அஸ் எ டீமைனர் இன் முல்லைத்தீவு ஃப்ரொம் 2015 டு 2018." தொடர்பவை: "ஐ ஹாவ் வேர்க்ட் அட் எ ப்ரீஸ்கூல் சின்ஸ் 2019." வருசம் சொல்லாத திறமைகள்: "ஐ ஹாவ் டிரெயின்ட் நியூ ஸ்டாஃப்." இந்த மூன்றாவது வகைக்கு ஒன்றிரண்டு வசனம் போதும்.

நேர்முகத் தேர்வில் கேள்வி பேர்பெக்டில் வந்தால் முதல் விடையும் பேர்பெக்டில் வரட்டும், உடனே பாஸ்டுக்கு மாறுங்கள். "ஹாவ் யூ எவர் வேர்க்ட் வித் ஃபார்மர்ஸ்?" என்று கேட்டால், "யெஸ், ஐ ஹாவ். ஐ வேர்க்ட் வித் பாடி ஃபார்மர்ஸ் இன் வட்டக்கச்சி இன் 2019." பலர் "யெஸ், ஐ டிட்" என்கிறார்கள், கேள்வி ஹாவில் தொடங்கியது என்பதை மறந்துவிடுகிறார்கள். கேள்வியின் முதல் சொல்லைக் காதில் பிடியுங்கள், விடை அதில்தான் தொங்குகிறது.

11. எழுதி முடித்தபின் திருத்துவது

மூன்று தடவை வாசியுங்கள், ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் தேடுங்கள். முதல் தடவை ஹாவ், ஹாஸ் எல்லாவற்றையும் வட்டமிட்டு, அதே வசனத்திலோ முந்தின வசனத்திலோ சாத்திய நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஹாவை வெட்டுங்கள். இரண்டாம் தடவை சின்ஸ், ஃபோர். மூன்றாம் தடவை ஹாட். இரண்டாவது சம்பவம் எங்கே என்று ஒவ்வொரு ஹாட்டையும் கேளுங்கள். விடை இல்லாவிட்டால் அதையும் வெட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் தேடினால் ஒன்றும் கண்ணில் படாது.

ஆறு வசனம் தருகிறேன். விடையைப் பார்க்குமுன் எழுதிப் பாருங்கள்.

அ. எங்கள் ஊருக்கு 2012 இல் கரண்ட் வந்தது.
ஆ. தம்பி இன்னும் கொப்பியைக் கொண்டுவரவில்லை.
இ. எப்ப கச்சான் நட்டனீங்கள்?
ஈ. அம்மம்மா மூன்று கிழமையாக ஆஸ்பத்திரியில் இருக்கிறா.
உ. போன கிழமை புதுக்குடியிருப்புக்குப் போயிருந்தோம்.
ஊ. நாங்கள் பஸ் நிலையத்துக்குப் போனபோது பஸ் போய்விட்டது.

விடைகள். அ: "எலெக்ட்ரிசிட்டி கேம் டு அவர் வில்லேஜ் இன் 2012." ஆ: "மை பிரதர் ஹாஸ் நொட் புரோட் த புக் யெட்." இ: "வென் டிட் யூ பிளான்ட் த பீநட்ஸ்?" ஈ: "மை கிராண்ட்மதர் ஹாஸ் பீன் இன் ஹொஸ்பிட்டல் ஃபோர் த்ரீ வீக்ஸ்." இதில் "இஸ்" போட்டவர்கள் ஆறாம் படியை மறுபடி வாசியுங்கள். உ: "வீ வென்ட் டு புதுக்குடியிருப்பு லாஸ்ட் வீக்." தமிழில் "போயிருந்தோம்", ஆனாலும் ஹாட் இல்லை.

ஊ: "வென் வீ கொட் டு த பஸ் ஸ்டாண்ட், த பஸ் ஹாட் லெஃப்ட்." உ வசனத்தின் தலைகீழ் இது. தமிழில் "போய்விட்டது" என்றுதான் இருக்கிறது, "போயிருந்தது" என்று இல்லை. என்றாலும் ஹாட் வேண்டும், ஏனென்றால் நாங்கள் போய்ச் சேருமுன்பே பஸ் புறப்பட்டாயிற்று. வெறும் "லெஃப்ட்" என்று எழுதினால், நாங்கள் போய்ச் சேர்ந்ததும் பஸ் புறப்பட்டது என்று ஆகிவிடும். அப்படியானால் ஓடிப்போய் ஏறியிருக்கலாமே.